திரும்பி வரும் வண்டிக்கூலி

கோடை விடுமுறை வந்தாலே "அதிகச் செலவில்லாமல் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்" என்ற கேள்வியும் வந்துவிடும். பதிலுக்கு யாராவது இருபது இடங்களின் பட்டியலைப் போடுவார்கள். பட்டியலில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இலவசப் பூங்காவுக்குப் போய் வந்த குடும்பம் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், காசு கொடுத்து வேறெங்காவது போயிருக்கலாமோ என்று தோன்றுகிறதே, அது ஏன்?

போகும்போது பேருந்து, வரும்போது வாடகைக் கார். நடுவில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்கள், அழுகையை நிறுத்த ஐஸ்கிரீம், வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பில்லாமல் வெளிச்சாப்பாடு. இத்தனையும் களைப்புக்குக் கட்டிய பணம். நுழைவுச்சீட்டைப் பற்றிப் போடும் கணக்கில் பாதியாவது களைப்பைப் பற்றிப் போட வேண்டும் என்பது என் கட்சி.

முதல் கணக்கு நேரம். வீட்டு வாசலிலிருந்து கிளம்பி மறுபடி வீட்டு வாசல் வரைக்கும் மூன்றரை மணி நேரம் போதும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இரண்டரை. குடும்பத்தில் சின்னவர் யாரோ அவர்தான் அளவுகோல். பெரியவன் "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கெஞ்சும்போதே கிளம்பிவிடுங்கள். அடுத்த வாரம் அவனே கூப்பிடுவான். போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடம், இரண்டு தடவை வண்டி மாற வேண்டிய இடம், இரண்டையும் கோடையில் தள்ளிப்போடலாம்.

காலை 10 முதல் மாலை 4 வரை வெயில் உச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். கடிகாரத்தைவிட எளிய அளவு ஒன்று உண்டு. தரையில் விழும் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் சூரியன் 45 பாகைக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள். புற ஊதாக் கதிரும் கூடிவிட்டது. நிழலைப் பார்த்து "போதும், கிளம்பலாம்" என்று அறிவிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். அம்மா சொன்னால் சண்டை, நிழல் சொன்னால் சண்டை இல்லை.

ஆக, காலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்துக்குள் திரும்புவதுதான் உத்தமம். இது ஏன் நடப்பதில்லை என்றால், காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பதால். சாப்பிட, கழுவ, மறுபடி ஒருவர் கழிப்பறைக்குப் போக என்று ஒரு மணி நேரம் கரைந்து, வெயில் ஏறியபின் படியிறங்குவோம். பையை முந்தின இரவே கட்டிவைத்து, சாப்பாட்டைப் பூங்காவுக்குக் கொண்டுபோய்விட்டால் அந்த ஒரு மணி நேரம் கைக்கு வரும். சாப்பிடுவதே பாதி உல்லாசம் ஆகிவிடும் என்பது உபரி லாபம். ஒரு எச்சரிக்கை: சமைத்த உணவு வெளிச்சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். போய்ச் சேர்ந்ததும் முதலில் சாப்பாடு, பிறகு விளையாட்டு. மிச்சத்தைத் திரும்பக் கட்டி எடுத்துவர வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, பாட்டிலை முழுக்க நிரப்பி ஃப்ரீசரில் வைப்பது. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். பாட்டில் பிதுங்கும், மூடி பிளக்கும். தப்பித்தாலும், தாகம் எடுக்கும் நேரத்தில் உள்ளே ஒரு பனிக்கட்டிதான் இருக்கும், குடிக்க ஒரு வாய் இருக்காது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, படுக்கை வாட்டில் உறையவைத்து, காலையில் மேலே சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்குப் பெரியவருக்கு 1 லிட்டர், பிள்ளைக்கு முக்கால் லிட்டர், அதற்கு மேல் கைகால் கழுவப் பொதுவாக 1 லிட்டர். பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை மறந்துவிடுவார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு நாலைந்து மிடறு குடிக்கவைப்பது பெரியவர் வேலை.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அளவுக்கு மீறிய வியர்வை என்று பிள்ளை சொன்னால் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ மருத்துவமனைதான். நிறுத்திவைத்த காருக்குள் "அஞ்சு நிமிஷம் இரு" என்பதும் கூடவே கூடாது. மூடிய காரின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி வரை ஏறிவிடும்; கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் இராது.

பேருந்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதுகூடக் களைப்புக் கணக்குதான். காலையில் வடக்கே போகும் வண்டியில் வெயில் வலப்பக்கம் விழும், தெற்கே போனால் இடப்பக்கம். மாலையில் அப்படியே தலைகீழ்.

இனி அருங்காட்சியகம். வெயிலுக்கு ஒதுங்க நகரத்தில் இதைவிட மலிவான கூரை கிடையாது. ஆனால் "காசு கொடுத்தாச்சு, எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்" என்று நுழைபவர்கள்தான் அதை வீணடிக்கிறார்கள். அருங்காட்சியகக் களைப்பு என்பது மனப்பிரமை அல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்சிப்பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு ஆள் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, மண்டியிட வேண்டியிருக்கிறது என்று புகைப்படங்களோடு காட்டினார். பெரியவருக்கே அந்தப் பாடு என்றால் மூன்றடி உயரப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? பெட்டியின் விளிம்பும் கண்ணாடியில் மின்னும் விளக்கொளியும்தான் அதற்குத் தெரியும். பிள்ளைக்குச் சலிப்பு என்கிறோம். பாதிக்குப் பாதி, பொருள் கண்ணுக்கே எட்டவில்லை.

அதனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு கூடம். உள்ளே போகும்முன் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: விலங்கு உருவம் உள்ள பத்துப் பொருள்களைக் கண்டுபிடி. அல்லது, உடைந்து ஒட்டவைத்தவை எத்தனை என்று எண்ணு. கடைசியில் ஒன்றைத் தேர்ந்து தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். பென்சில் மட்டும், பல இடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை. வரையும்போதுதான் கண் நிற்கிறது. கைப்பிடி எந்தப் பக்கம், கழுத்து எவ்வளவு நீளம் என்று ஓரமாக நிற்கும் பெரியவருக்கும் அப்போதுதான் உறைக்கும். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். கூடங்கள் மிச்சம் இருந்தால் நல்லது, அடுத்த மழை நாளுக்கு ஆகும்.

போகும்முன் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வார விடுமுறை என்று (திங்கட்கிழமை மூடும் அருங்காட்சியகங்கள் உலகெங்கும் உண்டு), கட்டணமில்லா நாள் ஏதும் உண்டா, கடைசியாக உள்ளே விடும் நேரம் என்ன. மூடும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது இந்த மூன்றாவதால்தான். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

பூங்காவில் பிள்ளைகளை "போய் விளையாடு" என்று விட்டால் ஊஞ்சலும் சறுக்குமரமும் அரை மணி நேரம். வெயில் பட்ட சறுக்குமரத்தில் ஏற்றும்முன் உங்கள் புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் பிள்ளையின் தொடைக்கும் ஆகாது. உலோகம் மட்டுமல்ல, தரையில் விரித்த ரப்பர் பாயும் பிளாஸ்டிக்கும் சுடும்.

அதற்குப் பின் ஒரு குச்சி போதும். மரத்தின் உயரத்தை அளக்கலாம். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, கையை நேராக நீட்டவும். கண்ணுக்கும் பிடித்த கைக்கும் எவ்வளவு தூரமோ, கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியும் அதே நீளம் இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க, குச்சியைக் கண் பக்கமாகச் சாய்த்தால் நுனி கன்னத்தைத் தொட வேண்டும். இப்போது, குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் கை மரத்தின் அடியோடும் ஒன்றாகத் தெரியும்வரை பின்னால் நடந்து போங்கள். நின்ற இடத்திலிருந்து மரத்தடிவரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். காலடியால் அளக்கலாம். விடை கோணலாக வந்தால் காரணம் மூன்றில் ஒன்று: முழங்கை மடங்கியிருக்கும், தரை சரிவாக இருக்கும், மரம் சாய்ந்திருக்கும். நிழலை வைத்துச் சரிபார்க்கவும் வழி உண்டு. 1 மீட்டர் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், மரத்தின் நிழல் 8 மீட்டர் என்றால் மரம் 10 மீட்டர். இரண்டு நிழலையும் ஒரே சமயத்தில் அளக்க வேண்டும். பத்து நிமிடம் தள்ளினால் நிழல் நகர்ந்திருக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால் பூங்காவில் ஒரு மரத்தையும் விடமாட்டார்கள்.

நூலகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர் அட்டை பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும். ஒரு புத்தகம் அதன் விருப்பம், இன்னொன்று அது இதுவரை எட்டிப்பார்க்காத அலமாரியிலிருந்து. வணிக வளாகத்தைப் பற்றி இன்னும் குறைவாகச் சொல்லலாம்: குளிர்ச்சி இலவசம், மற்றதெல்லாம் காசு.

வெளியே போகவே முடியாத வெப்பத்தில் மொட்டைமாடியிலோ குளியலறையிலோ ஒரு அகலத் தொட்டி, நாலைந்து குவளைகள், ஒரு புனல், ஒரு ரப்பர் குழாய். ஒரு பாத்திரத்தை மேலே வைத்து, நீர் நிரப்பிய குழாயால் கீழ்ப்பாத்திரத்துக்கு நீர் தானாக இறங்கவைக்கும் வித்தை ஒரு பிற்பகலை விழுங்கும். வேலை செய்யவில்லை என்றால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அல்லது கீழ்முனை மேல்பாத்திரத்தின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்கும். விளையாட்டு முடிந்த கையோடு தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு 5 சென்டிமீட்டர் நீரும் ஆபத்து. தொலைபேசி மணி அடித்தாலும் பெரியவர் இடத்தை விட்டு நகரக்கூடாது.

எல்லாரும் மறந்துவிடும் நேரம் ஒன்று உண்டு, ராத்திரி. நகர வெளிச்சத்தில் பால்வீதி தெரியாது, உண்மைதான். நிலவுக்கும் கோள்களுக்கும் அந்த வெளிச்சம் தடையே இல்லை. ஆனால் பௌர்ணமிக்குக் காத்திருப்பது தவறு. முழுநிலவில் நிழல் இல்லாததால் பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். வளர்பிறை ஏழாம், எட்டாம் நாளில், ஒளியும் இருளும் சேரும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். சாதாரண பைனாகுலரிலேயே பள்ளங்கள் குழிந்து தெரியும். அப்போது நிலவு மாலையிலேயே உயரத்தில் இருக்கும், பிள்ளைகளை நள்ளிரவுவரை விழிக்கவைக்க வேண்டாம். பிம்பம் ஆடுவதுதான் பெரிய தொல்லை. முழங்கைகளைச் சுவர்மேல் ஊன்றிக்கொண்டால் பாதி அடங்கும், பாயில் மல்லாந்து படுத்தால் இன்னும் அடங்கும். வியாழன் தெரியும் காலமாக இருந்தால் அதன் பக்கத்தில் பொடிப்புள்ளிகளாக நிலவுகளைத் தேடலாம். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அந்த நான்குதான்.

சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் நகரத்துக்கு மேலே எப்போது வரும் என்பதை நாசா இலவசமாக அறிவிக்கிறது. சூரியன் மறைந்த ஓரிரு மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்குச் சற்று முன், நாலைந்து நிமிடம் தெரியும். சிமிட்டாத ஒற்றை வெள்ளொளி, சிமிட்டினால் விமானம். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே மாடிக்குப் போய்விடுங்கள், அது தாமதமாக வராது. பாதி வானத்தில் திடீரென்று மங்கி மறைந்தால் மேகம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கும்.