காலியா வந்தா பிழை இல்லைன்னு அர்த்தமில்லைங்க

சனிக்கிழமை ராத்திரி நம்ம புரோகிராமர் குரூப்பில் ஓடுன பஞ்சாயத்தைப் பத்தித்தான். "அந்த 75 பெட்டி"ன்னு சொன்னாலே தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஆர்டர் ஃபைலில் இருந்து பீஸ் எண்ணிக்கையைக் கூட்ட, வேலைக்குப் புதுசா சேர்ந்த ஒரு தம்பி ஜேசன்பாத்தில் (ஜேசன்ங்கற டேட்டா ஃபைலுக்குள்ள எந்த விவரம் வேணும்னு பாதையா எழுதற முறை, அந்தப் பாதைதான் பாத் எக்ஸ்பிரஷன்) ஒரு வரி எழுதுனான், அதில் 75 பெட்டிச் சரக்கு விட்டுப்போச்சு. அந்தத் தம்பி எழுதுன ஒரே ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, "பாத் எக்ஸ்பிரஷன் எழுதறவனுக்கெல்லாம் லூப் எழுதத் தெரியாது"ன்னு ஒரு பெரிய மனுஷர் சொன்னாரு. (லூப்னா ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்தி எடுத்துப் பார்க்கற கோடு.) அத்தனை பேரும் அதுக்குக் கட்டைவிரல் தூக்குனீங்க. தப்பு அந்த வரியில் இல்லைங்க. வந்த விடையை யாரும் எண்ணிப் பார்க்காததுதான் தப்பு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறேன், பொறுத்துக்கங்க.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வர்ற ஆர்டர் ஃபைல் எப்படி இருக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஆர்டருக்குள்ள ஸ்டைல், ஸ்டைலுக்குள்ள கலர், கலருக்குள்ள சைஸ், சைஸுக்குள்ள பீஸ். கீ (ஃபைலில் ஒவ்வொரு விவரத்துக்கும் இருக்கற பெயர்) எல்லாத்தையும் தமிழாக்கி எழுதறேன், அந்த வரி இதுதான்:

$.ஸ்டைல்கள்[*].கலர்கள்[*].சைஸ்கள்[*].பீஸ்

இதில் ஒரு எழுத்துகூடத் தப்பு கிடையாது. (2024 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 9535, அதாவது ஜேசன்பாத்தோட பொதுத் தர ஆவணத்தின்படி, புள்ளிக்கு அப்புறம் தமிழ் எழுத்தே போடலாம். கீயில் இடைவெளியோ ஹைஃபனோ இருந்தாத்தான் ['கலர் கோடு'] மாதிரி அடைப்புக்குள்ள எழுதணும்.) ஆர்டரில் மூணு ஸ்டைல், மொத்தம் 7,200 பீஸ். இந்த வரி கொண்டு வந்து கூட்டுனது 5,400. விட்டுப்போனது 1,800. அது மூணில் ஒரு ஸ்டைல்: நேவி ஒரே கலர், ஸ்மால் 300, மீடியம் 600, லார்ஜ் 600, எக்ஸ்எல் 300. பெட்டிக்கு 24 பீஸ்னு 1:2:2:1 ரேஷியோவில் போட்டா சரியா 75 பெட்டி. பேக்கிங் லிஸ்ட்டில் அந்த 75-ம் இல்லை, தூத்துக்குடிக்குப் போற கண்டெய்னரில் இடமும் போடலை.

ஏன் விட்டுப்போச்சு? "ஒரே கலர்"ங்கறதைக் கவனிங்க. பையர், அதாவது ஆர்டர் கொடுக்கற கம்பெனி, அனுப்பறது எக்ஸ்எம்எல்ங்கற வேற வடிவம். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் அதை ஜேசன் ஆக்குது. ரெண்டு கலர் இருந்தா கலர்கள்ங்கறது அர்ரே, அதாவது வரிசைப் பட்டியல். ஒரே கலர் இருந்தா அந்தக் கன்வெர்ட்டர் அர்ரே போடாம நேரா ஆப்ஜெக்டா (கீயும் மதிப்புமா இருக்கற ஒத்தைப் பொருளா) வெச்சுடுது. இந்த மாதிரி கன்வெர்ட்டர்கள் பலதுக்கும் இருக்கற பழைய வியாதி இது. இப்ப [*] என்ன செய்யும்? அர்ரேன்னா உறுப்புகளை எடுக்கும். ஆப்ஜெக்ட்னா அதோட மதிப்புகளை எடுக்கும். ஆக, "நேவி"ங்கற ஸ்ட்ரிங் (வெறும் எழுத்து) ஒண்ணும், சைஸ் அர்ரே ஒண்ணும் கையில் வரும். அடுத்து .சைஸ்கள் கேட்கறோம். ஸ்ட்ரிங்குக்குள்ள அப்படி ஒரு கீ இல்லை. அர்ரேக்குள்ளயும் இல்லை. விடை காலி. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. மத்த ரெண்டு ஸ்டைலும் ஒழுங்கா வந்ததால கூட்டுத்தொகையும் பார்க்க நல்லாத்தான் இருந்தது.

ஜேசன்பாத்தில் காலி விடை பிழை கிடையாது, அதுவும் செல்லுபடியாகற விடை. "தேடினேன், ஒண்ணும் இல்லை"ங்கறதும் "தப்பான இடத்தில் தேடினேன்"ங்கறதும் வெளியே பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது எழுதறவங்க வேலை. அந்தத் தம்பிக்கு அதை யாராவது சொல்லிக் கொடுத்தீங்களா? ரிவ்யூவில் "ஓகே" போட்டவங்க பெயர் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் ஏன் இல்லை?

அப்புறம் குரூப்பில் ஒருத்தர் கொடுத்த மருந்தைப் பாருங்க: "ரெண்டு புள்ளி போடு, சரியாயிடும்." அதாவது $..பீஸ். போட்டுப் பார்த்தாரான்னு தெரியலை. ரெண்டு புள்ளி மரத்தோட ஒவ்வொரு கிளைக்குள்ளயும் இறங்கும். நேவி 1,800 கிடைக்கும், உண்மைதான். ஆனா அதே ஃபைலில் பேக்கிங்குக்குக் கீழ கார்ட்டன்கள் இருக்குது, ஒவ்வொரு கார்ட்டனிலும் பீஸ்னு ஒரு கீ இருக்குது. அதையும் அள்ளிட்டு வரும். மொத்தம் 14,400. குறைஞ்சதுக்குப் பதிலா டபுள். $.ஸ்டைல்கள்[*]..பீஸ்னு ஸ்டைலுக்குள்ள மட்டும் இறங்கச் சொன்னா இன்னைக்கு 7,200 சரியா வரும். நாளைக்குப் பையர் ஸ்டைலுக்குள்ள சாம்பிள்னு ஒரு பகுதி சேர்த்து அதிலும் பீஸ்னு கீ வெச்சா, அதுவும் சேர்ந்துக்கும். அதனால எவ்வளவு ஆழத்தில் இருக்கும்னு நிஜமாவே தெரியாத இடத்தில் மட்டும் ரெண்டு புள்ளி போடுங்க. ஆழம் தெரிஞ்ச இடத்தில் பாதையை முழுசா எழுதுங்க.

"லூப் எழுதியிருந்தா கத்தியிருக்கும்ல?"ன்னு கேட்கறவங்க சொல்றதில் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண ஆப்ஜெக்ட் மேல ஃபார்-ஆஃப் ஓட்டுனா டைப் எர்ரர் விழும். பைத்தானில் டிக்‌ஷனரி மேல லூப் போட்டா கீ பெயர்கள் வரும், அந்த ஸ்ட்ரிங்குக்குள்ள அடுத்த கீயைத் தேடுனா எர்ரர். கத்தும்தான். ஆனா அண்ணா, நீங்க குரூப்பில் உதாரணமா ஒட்டுன லூப்பைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. சுத்தி எர்ரரைப் பிடிக்கற ஒரு ட்ரை-கேட்ச், கேட்சுக்குள்ள வெறும் கன்டின்யூ, அதாவது "கண்டுக்காம அடுத்ததுக்குப் போ". அந்தக் கத்தலை நீங்களே வாயைப் பொத்தி அனுப்பியிருக்கீங்க. அதே 1,800 பீஸ் உங்க லூப்பிலும் சத்தமில்லாமத்தான் போயிருக்கும். மூணு அடுக்கு லூப்புக்கு 20 வரி ஆகும், அதில் எந்த வரி விழுங்குச்சுன்னு தேடவே ஒரு பொழுது போகும்.

கத்தற கருவிதான் வேணும்னா இருக்குது. ஜேக்யூங்கற ஜேசன் கருவியில் இதே மாதிரி இறங்குனா ஸ்ட்ரிங்குக்குள்ள கீ தேட முடியாதுன்னு எர்ரர் போட்டு நிக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 12-ம் பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல்-ஜேசன் பாத் இருக்கு. அதில் சும்மா விட்டா லாக்ஸ் (தளர்வான) மோடு, அது ஒத்தை ஆப்ஜெக்டைத் தானே ஒரு உறுப்பு அர்ரேயா சுத்திக்கும், நேவி ஒழுங்கா வந்திருக்கும். ஸ்ட்ரிக்ட் (கறாரான) மோடு போட்டா, அர்ரே இல்லைன்னு எர்ரர் கொடுக்கும். (லாக்ஸில் இருந்துட்டு .** போட்டு எல்லா ஆழத்திலும் தேடச் சொன்னா ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரலாம், அங்கயும் ஜாக்கிரதை.) ஜேம்ஸ்பாத்ங்கற இன்னொரு பாதை மொழியில் ஆப்ஜெக்ட் மேல [*] போட்டா நல், அதாவது வெற்று மதிப்பு. ஜாவாக்காரங்க ஓட்டற ஜேவே லைப்ரரியில் [*], ஃபில்டர் (நிபந்தனை போட்டுப் பொறுக்கறது) எதுவும் இல்லாத நேரான பாதை கிடைக்கலைன்னா எக்ஸெப்ஷன், அதாவது எர்ரர்; [*] அல்லது ஃபில்டர் இருக்கற பாதை கிடைக்கலைன்னா காலி லிஸ்ட். ஒரே கேள்விக்கு இத்தனை விதமான பதில். ஸ்டெஃபான் கோஸ்னர் ஜேசன்பாத்தை முன்வெச்சு 2007-ல் கட்டுரை எழுதுனாரு, பொதுத் தரம்னு ஒண்ணு (அதே ஆர்எஃப்சி) வர 2024 ஆச்சு. நடுவில் 17 வருஷம் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதி வெச்சுட்டாங்க. லைப்ரரியை மாத்தறதுக்கு முன்னாடி காலி விடைக்கு அது என்ன செய்யுதுன்னு பார்க்காம மாத்தாதீங்க.

இன்னொண்ணு. மூல எக்ஸ்எம்எல் மேலயே எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்கான பாதை மொழி) ஓட்டியிருந்தா இந்தப் பிரச்சனையே கிடையாது. அங்க அர்ரேன்னு ஒண்ணு இல்லை. ஒரு கலரும் பிள்ளைதான், பத்து கலரும் பிள்ளைதான். 1999-லயே முடிஞ்ச விஷயம். ஆக, பழி போடணும்னா கன்வெர்ட்டர் மேல போடுங்க. அதை வாங்கி வெச்சது அந்தத் தம்பி இல்லை.

எந்த பனியன் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனுக்கும் போய்ப் பாருங்க. பெட்டிக்கு டேப் ஒட்டறதுக்கு முன்னாடி உள்ள 24 இருக்குதான்னு ஒரு கை எண்ணும். மடிச்சவங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லை, எண்ணாம மூடற பழக்கம் அங்க கிடையாது. அதே எண்ணிக்கையைத்தான் நான் கோடில் கேட்கறேன். ஃபைலோட தலையில் $.மொத்தப்பீஸ் 7,200-ன்னு பையரே போட்டுக் கொடுத்திருக்கான். கூட்டுத்தொகையை அதோட ஒப்பிட்டு, ஒத்துப்போகலைன்னா நிறுத்தறதுக்கு ஒரு வரி. எந்த ஸ்டைல் காலின்னு கண்டுபிடிக்க இன்னொரு வரி, அதையும் இதே பாத் எக்ஸ்பிரஷனில் எழுதலாம்:

$.ஸ்டைல்கள்[?count(@.கலர்கள்[*].சைஸ்கள்[*].பீஸ்) == 0].எண்

(உள்ள இருக்கற ஃபங்ஷன் பெயரை மட்டும் தமிழாக்க முடியாது, மன்னிக்கணும்.) இது ஒண்ணும் தராம காலியா வந்தாத்தான் நல்லது. எண் ஏதாவது வந்தா, அந்த ஸ்டைலைத் திறந்து பாருங்க. தரத்தை ஒட்டி எழுதுன லைப்ரரின்னா கிடைச்ச ஒவ்வொண்ணோட முழுப் பாதையும் கேட்டு வாங்கலாம், $['ஸ்டைல்கள்'][0]['கலர்கள்'][1] மாதிரி வரும். எந்த இண்டெக்ஸ் காணோம்னு கண்ணுலயே தெரியும். இதையெல்லாம் விட, ஃபைல் உள்ள நுழையற இடத்திலேயே கலர்களும் சைஸ்களும் அர்ரேயா இல்லைன்னா அர்ரேயா மாத்திட்டு அப்புறம் எந்தப் பாதையும் ஓட்டுங்க.

"அப்ப பாத் எழுதறவங்களுக்குத் தப்பே வராதா?"ன்னு கேட்பீங்க. வரும், நிறைய வரும், ஆனா எல்லாம் இதே ஜாதி. [?@.எண் == 417]-ன்னு எழுதறாங்க, ஃபைலில் "417" ஸ்ட்ரிங்கா இருக்கும், விடை காலி. [?@.எண் == '417'][0]-ன்னு முதல் ஸ்டைலைக் கேட்கறாங்க. அந்த [0] கிடைச்ச லிஸ்ட்டுக்கு இல்லை, கிடைச்ச ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளயும் தேடும், விடை காலி. முதல் ஒண்ணு வேணும்னா வெளியே கோடில் எடுங்க, ஜேம்ஸ்பாத்னா குழாய்க்குறி போட்டு | [0]. இன்னும் மோசமானது [?@.ரத்து]. தரப்படி இது "ரத்துன்னு கீ இருக்குதா"ங்கற கேள்வி, மதிப்பு பொய்னு இருந்தாலும் உள்ள சேர்த்துக்கும். உள்ளுக்குள்ள இவால் (எழுத்தா வந்ததை அப்படியே கோடா ஓட்டறது) ஓட்டற பழைய லைப்ரரிகளில் அப்படிச் சேராது. லைப்ரரி மாத்துன அன்னைக்கு ரத்தாகாத ஆர்டரெல்லாம் ரத்து லிஸ்ட்டில் நிக்கும். இவால் பத்திச் சொன்னதால: வெளி ஆள் டைப் பண்ற எக்ஸ்பிரஷனை அந்த மாதிரி லைப்ரரிக்குள்ள விடவே விடாதீங்க. நோடில் (சர்வரில் ஓடற ஜாவாஸ்கிரிப்டில்) ஜேசன்பாத்-பிளஸ்ங்கற லைப்ரரி மூலமா வெளியாள் கோடு ஓட்ட முடியும்னு 2024-ல் வெளியே வந்துச்சு.

வேகம் குறைவுன்னு ஒருத்தர். ஒரு ஆர்டர் ஃபைலுக்கு வேகம் ஒரு பேச்சே இல்லைங்க.

"சின்னப் பையனை ரெண்டு வார்த்தை சொன்னா என்ன, நாங்க வாங்காத திட்டா?"ன்னு கேட்டிருக்கீங்க. இதுதான் எனக்கு மனசு ஆறலை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், பீளமேட்டில் எத்தனை ஆபீஸில் டெஸ்ட் ஃபைலே கிடையாது? வேலைக்குச் சேர்ந்த பையன் கையில் ரெண்டு கலர், மூணு சைஸ் இருக்கற ஒரே ஒரு சாம்பிளைக் கொடுத்துட்டு "சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடு கண்ணு"ன்னு சொல்றோம். ஒரே கலர் வரும்னு பத்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்த நமக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் எழுதுன வரி அவனுக்குக் கொடுத்த ஃபைலுக்குச் சரி. தெரிஞ்சவங்க தெரிஞ்சதைச் சொல்லாம இருந்துட்டு, பெட்டி விட்டுப்போனதும் அவன் வரியை ஊருக்கே காட்டுனா, அடுத்து வர்ற பையன் சந்தேகம்னு வாயே திறக்க மாட்டான். எர்ரரை விழுங்கற கோடைத்தான் அவனும் எழுதுவான்.

திட்டுன யாராவது ஒருத்தர் உங்க ரெப்போவை (கோடு வெச்சிருக்கற இடத்தை) திறந்து, ஒரே கலர் இருக்கற ஃபைல், ஒரே சைஸ் இருக்கற ஃபைல், ஒரே ஸ்டைல் இருக்கற ஃபைல், கலரே இல்லாத ஃபைல், இந்த நாலும் டெஸ்ட்டில் இருக்குதான்னு பாருங்க. இல்லைன்னா இன்பாக்ஸுக்கு வாங்க, அனுப்பி வெக்கறேன்.