முதல் உறைமோர்

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் தயிர்க் கிண்ணம் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. யாரோ கடைசிக் கரண்டி வரை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். (யாரோ என்ன, நான்தான்.) அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உறைமோர் கேட்க முடியுமா? அம்மாவுக்குப் போன் போட்டேன். "நாலு மிளகாயக் காம்போட எடுத்து, காம்பு பாலுக்குள்ள முங்குற மாதிரி போட்டு மூடி வைடா. காலைல பாரு" என்றார்.

காலையில் பார்த்தேன். கொழகொழவென்று, ஓரத்தில் தண்ணீர் விட்டு, தயிர் என்று சொல்லவும் முடியாமல் பால் என்று சொல்லவும் முடியாமல் ஏதோ ஒன்று. அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மறுநாள் பாலில் விட்டேன். கெட்டித் தயிர்!

பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கிறவன் நான். அன்றைக்கு முழுக்க இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைய தயிர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. நேற்றையது முந்தாநாளையதிலிருந்து. இப்படியே பின்னால் போனால் உறை ஊற்றாமல் உறைந்த ஒரு தயிர் இருந்தாக வேண்டும். உயிர் எப்படித் தொடங்கியது என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்விதான். கடைசியாக ஊற்றிய உறைமோர் இருக்கிறது, முதல் உறைமோரைக் காணவில்லை.

இதைப் பற்றி வாட்ஸப்பில் இரண்டு வகை ஃபார்வர்டு வருகிறது. "விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் உயிரைப் படைத்துவிட்டார்கள்" என்பது ஒன்று. "ஒரு ஈயைக்கூடச் செய்ய முடியவில்லை, பெரிய விஞ்ஞானம்" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது என் கட்சி. இரண்டு பேருக்குமே உயிர் என்பது ஒரு பொருள்.

நம் பேச்சே அப்படித்தான் இருக்கிறது. உயிர் போச்சு, உயிர் வந்துச்சு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். எழுத்தைக்கூட உயிர், மெய் என்று பிரித்து, இது அதில் ஏறினால் உயிர்மெய் என்கிறோம். ஏதோ வாடகைக்குக் குடிவந்து காலிசெய்துவிட்டுப் போகிற ஆள் மாதிரி.

வேதியியலாளர்களும் நீண்ட காலம் இதைத்தான் நம்பினார்கள். உயிருள்ளவற்றில் மட்டும் ஒரு தனிச் சக்தி இருக்கிறது, அது இல்லாமல் உடம்பில் உண்டாகும் பொருள்களைச் செய்ய முடியாது என்றார்கள். 1828இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பிலிருந்து யூரியாவை எடுத்தார். சிறுநீரகமே இல்லாமல், மனிதனும் வேண்டாம் நாயும் வேண்டாம், யூரியா செய்துவிட்டேன் என்று தன் ஆசான் பெர்சிலியசுக்குக் கடிதம் எழுதினார். அத்தோடு அந்தக் கொள்கை செத்தது என்று பாடத்தில் நாங்கள் நடத்துவது கொஞ்சம் கதை. அது சாகப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனாலும் வயலில் யூரியா மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு வோலர் ஞாபகம் வரும்.

சரி, உயிர் என்றால் என்ன? கீழ் வகுப்பில் ஒரு பட்டியல் மனப்பாடம் செய்திருப்போம். உண்ணும், சுவாசிக்கும், வளரும், கழிவை வெளியேற்றும், இனம் பெருக்கும். தீயும் இதையெல்லாம் செய்கிறது. விறகைத் தின்கிறது, ஆக்சிஜனை இழுக்கிறது, புகையை விடுகிறது, பக்கத்துக் கூரைக்குத் தாவிக் குட்டிபோடுகிறது. கோவேறு கழுதை குட்டிபோடாது, அதற்காக அது செத்ததா? 1935இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸை உப்பு மாதிரிப் படிகமாக்கி எடுத்தார். பாட்டிலில் போட்டு வைத்தால் சும்மா கிடக்கும். இலையில் தேய்த்தால் நோய் பரவும். அதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

நாசா கூட்டிய ஒரு குழு 1994இல் ஒரு வரி எழுதியது. தன்னைத் தானே நடத்திக்கொள்ளும், டார்வின் சொன்ன பரிணாமத்துக்கு உட்படக்கூடிய வேதி அமைப்பு. இருப்பதில் உருப்படியானது இதுதான். ஆனால் இதிலும் தனியாக நிற்கிற ஒரு கோவேறு கழுதை மாட்டிக்கொள்கிறது. தனி ஆள் பரிணமிக்க மாட்டான், கூட்டம்தான் பரிணமிக்கும்.

தத்துவப் பேராசிரியர் கரோல் கிளிலேண்ட் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார். மூலக்கூறு என்ற எண்ணமே இல்லாத காலத்தில் தண்ணீர் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? நிறமில்லாதது, தாகம் தீர்ப்பது, எதையும் கரைப்பது. அன்றைய ரசவாதிகள் நைட்ரிக் அமிலத்துக்கே 'வலிய நீர்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். ஹெச்2ஓ என்று தெரிந்த பிறகுதான் சண்டை தீர்ந்தது. உயிர் விஷயத்தில் நாம் இன்னும் ஹெச்2ஓவுக்கு முந்தின காலத்தில் இருக்கிறோம். அதனால் முதலில் வரையறை, அப்புறம் தேடல் என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் உயிரோடு இருப்பது என்றால் கெமிஸ்ட்ரியில் என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெரியும். வேதிச்சமநிலை என்று ஒரு பாடம் நடத்துகிறோம். முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்தில் ஓடி, பார்க்க எதுவும் மாறாத நிலை. மாணவர்களுக்கு அது மதிப்பெண், உடம்புக்கு அது மரணம். செல் ஒரு நிமிடம்கூடச் சமநிலைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் உயிர் வாழ்வது. செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தருகிற ஏடிபி என்ற மூலக்கூறு நம் உடம்பில் ஒரு நேரத்தில் கால் கிலோவுக்கும் குறைவாகவே இருக்கிறது. அதையே உடைத்து, ஒட்டி, உடைத்து, ஒட்டி, ஒரு நாளில் நம் உடல் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான அளவு புரட்டி எடுக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பதிவைப் படித்துக்கொண்டே! ஆக, உயிர் பொருள் இல்லை, ஓட்டம். உயிர் போச்சு என்றால் எதுவும் வெளியே போகவில்லை, ஓட்டம் நின்றது.

இப்போது, ஆதி பூமியைக் குடுவைக்குள் செய்து பார்த்த மில்லருக்கு வருவோம். 1952, சிகாகோ. ஸ்டான்லி மில்லருக்கு 22 வயது. ஒரு குடுவையில் தண்ணீர் கொதிக்கிறது. இன்னொன்றில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நடுவே மின்பொறி. ஒரே நாளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறது. வாரக் கடைசியில் அடர் சிவப்பு, கலங்கல். சோதித்தால் கிளைசின், அலனின். புரதத்தின் செங்கற்கள். 1953 மே மாதம் கட்டுரை வந்தது, டி.என்.ஏ. இரட்டைச் சுருள் வெளியாகி மூன்றே வாரத்தில். மில்லரின் பேராசிரியர் யூரி தன் பெயர் இருந்தால் பையனுக்குப் பெருமை கிடைக்காது என்று கட்டுரையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். (இன்றைக்கு எத்தனை வழிகாட்டிகள் இதைச் செய்வார்கள் என்று கேட்டால் எனக்கு வம்பு வரும், விட்டுவிடுகிறேன்.)

ஆதி பூமியின் காற்றில் அவ்வளவு மீத்தேனும் அம்மோனியாவும் இருந்திருக்காது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். அந்தக் கலவையில் செய்தால் விளைச்சல் குறைகிறது. எனக்குப் பிடித்த திருப்பம் 2021இல் வந்தது. இதே சோதனையைக் கண்ணாடிக் குடுவையிலும் டெஃப்லான் பாத்திரத்திலும் தனித்தனியாகச் செய்து பார்த்தார்கள். டெஃப்லானில் கிடைக்கும் சரக்கு மிகக் குறைவு. அம்மோனியா கலந்த தண்ணீர் கண்ணாடியைக் கொஞ்சம் அரிக்கிறது, அந்தச் சிலிக்கா வினையைத் தூண்டுகிறது. யாரும் கணக்கில் எடுக்காத குடுவையே கூட்டாளியாக இருந்திருக்கிறது! பாறை நிறைந்த பூமிக்கு இது நல்ல செய்திதான்.

செங்கல் எங்கும் கிடைக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. நாசாவில் அதை ஆராய்ந்த குழுவில் சிரில் பொன்னம்பெருமா இருந்தார். இலங்கை காலியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர். விண்வெளியில் உண்டான அமினோ அமிலங்கள் அந்தக் கல்லில் இருப்பதை 1970இல் அவர்கள் காட்டினார்கள். அண்மையில், 2023இல் பென்னு குறுங்கோளிலிருந்து கொண்டுவந்த 121 கிராம் தூளில், புரதங்களில் வரும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபுத் தகவலைத் தாங்கும் டி.என்.ஏ., அதன் உறவான ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்துகள் ஐந்தும் இருந்தன. அவ்வளவு இருந்தும் பென்னு வெறும் கல்தான். செங்கல் சூளை இருக்கிறது என்பதற்காக வீடு இருக்கிறது என்று ஆகாது.

எங்கே சிக்கல் என்றால், தண்ணீரில். இரண்டு அமினோ அமிலங்கள் கைகோர்க்க வேண்டுமானால் நடுவிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் கடல் நிற்கும்போது எங்கே வெளியேறுவது? கோர்த்த கையும் மெல்லப் பிரியும். உயிருக்குத் தண்ணீர் வேண்டும், உயிரின் சங்கிலிகளுக்குத் தண்ணீர் எதிரி. கடலடி வெந்நீர் ஊற்றுகளில் உயிர் தொடங்கியது என்பவர்களை நான் மதிக்கிறேன். 2000ஆம் ஆண்டு அட்லாண்டிக்கில் கண்டுபிடித்த லாஸ்ட் சிட்டி ஊற்றுகளைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. கார நீர், ஹைட்ரஜன், பாறையில் நுண்துளைகள், செல்கள் ஆற்றலுக்காக இன்றும் பயன்படுத்தும் புரோட்டான் ஏற்றத்தாழ்வு (ஒரு பக்கம் புரோட்டான் அதிகம், மறுபக்கம் குறைவு) இயற்கையாகவே அங்கே அமைகிறது. இருந்தாலும் என் ஓட்டு குட்டைக்குத்தான். காய்ந்து, நனைந்து, மறுபடி காய்கிற குட்டை. காயும்போது உப்பளத்துப் பாத்தி மாதிரி சரக்கு செறிவாகும், தண்ணீரும் விலகும், சங்கிலி கோர்க்கும். இதைச் சோதனையில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். நாளைக்கே யாராவது என்னைத் தோற்கடிக்கலாம், பரவாயில்லை.

சங்கிலி கிடைத்தாலும் அது தன்னையே நகலெடுக்க வேண்டுமே. டி.என்.ஏ.வை நகலெடுக்கப் புரதம் வேண்டும், புரதத்தைச் செய்ய டி.என்.ஏ. வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. 1980களில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் ஒரு வழி காட்டினார்கள். ஆர்.என்.ஏ. தகவலையும் தாங்கும், நொதி வேலையும் செய்யும். 1989இல் நோபல். அதைவிட எனக்குப் பெரிய சாட்சி ரைபோசோம். நம் செல்களுக்குள் புரதம் கோர்க்கிற பட்டறை அது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அதன் சிறு பாதியின் அமைப்பைக் கண்டார். பெரும் பாதியை 2000இல் தாமஸ் ஸ்டைட்ஸும் அவர் கூட்டாளிகளும் பார்த்தபோது, அமினோ அமிலங்கள் கைகோர்க்கும் அந்த இடத்தில் புரதமே இல்லை, சுற்றிலும் ஆர்.என்.ஏ.தான் இருந்தது. புரதத்தைச் செய்வதே ஆர்.என்.ஏ. என்றால் யார் மூத்தவர் என்று ஊகிக்கலாம்.

அப்புறம் ஏன் ஆய்வகத்தில் உயிர் வரவில்லை? வந்தது என்று சொன்ன இடங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் என் மோர்க் கதைதான். 1967இல் ஸ்பீகல்மன் ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் குழாயில் போட்டு நகலெடுக்க விட்டார், அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த குழாய், அடுத்த குழாய் என்று 74 முறை மாற்றினார். செல்லே இல்லாமல் அது பரிணமித்தது. வேகமாகப் பெருகுவதற்காக 83 சதவீதத்தை உதறிவிட்டு ஒல்லியாகிவிட்டது. பிரமாதம். ஆனால் நகலெடுக்கும் நொதி கடன் வாங்கியது, வைரஸிடமிருந்தும் பாக்டீரியாவிடமிருந்தும். 2010இல் கிரெய்க் வென்டர் குழு பத்து லட்சம் எழுத்துக்கு மேல் உள்ள ஒரு முழு மரபணுத் தொகுதியை ஆய்வகத்தில் கோர்த்தது. செயற்கை உயிர் என்று பத்திரிகைகள் குதித்தன. அந்தத் தொகுதியை எங்கே போட்டார்கள்? ஏற்கெனவே உயிரோடு இருந்த ஒரு பாக்டீரியாவுக்குள். உறைமோர்!

அம்மாவின் மிளகாய்க் காம்பும் அப்படித்தான். காம்பில் ஏற்கெனவே பாக்டீரியா குடியிருந்தது, அது பாலுக்குள் இறங்கிவிட்டது. உயிர் வேறு கிரகத்திலிருந்து வந்தது என்பவர்கள் சொல்வதும் மிளகாய்க் காம்புக் கணக்குதான். டி.என்.ஏ. இரட்டைச் சுருளைக் கண்ட இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கே 1973இல் லெஸ்லி ஓர்கலோடு சேர்ந்து, வேற்றுலகத்தார் வேண்டுமென்றே விதைத்திருக்கலாம் என்று எழுதினார். இருக்கட்டும், அந்தக் காம்பில் எப்படி வந்தது?

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும், "இப்ப ஏன் சார் புதுசா உயிர் தோன்றல?" பதிலை டார்வினே 1871இல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லிவிட்டார். ஏதோ ஒரு வெதுவெதுப்பான சிறு குட்டையில் அப்படி ஒரு புரதம் உண்டானாலும், இன்று அதை உடனே ஏதாவது தின்றுவிடும். முதலில் வந்தவன் பந்தியில் எல்லாவற்றையும் காலிசெய்துவிட்டான். தன்னைக் கட்டிய சாரத்தையும் சேர்த்தே தின்றுவிட்டான். அதனால்தான் தடயம் இவ்வளவு குறைவு. பாறைகளில் பழைய கதை கொஞ்சம், நம் ரைபோசோமுக்குள் கொஞ்சம்.

அந்த மிளகாய்த் தயிர் பரம்பரை இன்றைக்கும் வீட்டில் ஓடுகிறது. காம்பைக் குப்பையில் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. நேற்று அம்மா வந்திருந்தார், தயிரைச் சாப்பிட்டுவிட்டு நல்லா கெட்டியா இருக்கே, எந்தக் கடைல வாங்கின என்று கேட்டார்.