கார்டனின் செலவுக்கு ஜூலியாவின் காசு

ஜார்ஜ் ஆர்வெல் என்றதும் '1984'-ம் 'விலங்குப் பண்ணை'யும்தான் பேச்சுக்கு வரும். 1936-ல் வந்த அவருடைய 'கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்' நாவலை அவரே பிற்பாடு ஒதுக்கிவிட்டார், மறுபதிப்புக்கும் சம்மதிக்கவில்லை. எனக்கோ அவர் எழுதியதிலேயே மிகவும் பிடித்தது அதுதான். காசில்லாத ஒரு கவிஞனின் காதல் கதை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

கார்டன் காம்ஸ்டாக்குக்கு முப்பது வயது நெருங்குகிறது. பணத்துக்கு அடிமையாக மாட்டேன் என்று சபதம் போட்டு, விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, லண்டனில் ஒரு புத்தகக் கடையில் வாரம் 2 பவுண்டுக்கு நிற்கிறான். (ஆர்வெல்லும் 1934-35-ல் ஹாம்ஸ்டெட்டில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். கடைக் காட்சிகளைப் படித்தாலே அது தெரியும்.) அவனுடைய ஒரே கவிதைத் தொகுப்பு விற்றது 153 பிரதிகள். வாடகை அறையில் டீ போடக் கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் கட்டளை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, திருட்டுத்தனமாக டீ போட்டுக் குடித்து, வீடு அடங்கியதும் சக்கையைக் கழிவறையில் கொட்டிவிட்டு வருகிறான். அறையில் ஆஸ்பிடிஸ்ட்ரா செடி ஒன்று இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் கௌரவமான வீடு என்று காட்டிக்கொள்ள ஜன்னலோரம் வைக்கும் தொட்டிச்செடி. அதன்மேல் அவனுக்கு அப்படியொரு ஆத்திரம். தண்ணீர் ஊற்றாமல் காயப்போடுகிறான், தண்டில் சிகரெட்டால் சுடுகிறான், மண்ணில் உப்பைக் கலக்கிறான். அது பாட்டுக்கு நிற்கிறது.

இந்த நாவலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிவில்தான் போய் நிற்கும். காதலி ரோஸ்மேரி கர்ப்பமானதும் கார்டன் பழைய விளம்பர வேலைக்கே திரும்பி, அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். தோற்றானா, திருந்தினானா? எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இவன் ஏழையாக இருப்பதற்கான செலவை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஆர்வெல் அதற்குக் கணக்கு எழுதியே வைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டனும் ரோஸ்மேரியும் லண்டனுக்கு வெளியே பர்னம் பீச்சஸ் காட்டுப் பக்கம் போகிறார்கள். பசி. வேறு இடம் கிடைக்காமல் ஒரு பகட்டான ஹோட்டலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். சர்வரின் பார்வைக்குப் பயந்து, கட்டுப்படியாகாது என்று தெரிந்தே ஒயினும் சொல்கிறான் கார்டன். சாப்பாடும் சுமார்தான். ரோஸ்மேரியும் சம்பாதிக்கிறவள். பாதியை நான் தருகிறேன் என்று சொல்லக்கூடியவள், ஆனால் இவன் விட வேண்டுமே! பில் கொடுத்தபின் பையில் மிஞ்சுவது 8 பென்ஸ். அப்புறம் காட்டில் அவளோடு தனியாக இருக்கும்போதும் மண்டைக்குள் அந்த 8 பென்ஸ்தான் ஓடுகிறது. ஊர் திரும்ப பஸ்ஸுக்கு அவளிடம்தான் வாங்க வேண்டும். காதலே நின்றுபோகிறது. அவளுக்கோ அவன் பையில் என்ன இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆண்தான் செலவழிக்க வேண்டும் என்ற வீம்பு வறுமையைவிடக் கொடுமையாக இருவரையும் வாட்டுகிறது. இந்தக் காட்சியைக் காதல் பற்றி எழுத நினைக்கும் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

ரோஸ்மேரியாவது எதிர்த்துப் பேசுகிறாள். எனக்கு மனசு ஆறாதது ஜூலியா விஷயத்தில்தான். கார்டனின் அக்கா. பையன் படித்து முன்னுக்கு வரட்டும் என்று குடும்பம் இருந்ததையெல்லாம் அவன் பள்ளிக்கூடத்தில் கொட்டியது. பெண் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான் என்பதில் வீட்டில் யாருக்கும், அவளுக்கும்கூட, சந்தேகமே வரவில்லை. இப்போது அவள் ஒரு டீக்கடையில் வாரத்துக்கு 72 மணி நேரம் நின்று 25 ஷில்லிங் சம்பாதிக்கிறாள். கார்டன் வாங்கும் 2 பவுண்டு என்பது 40 ஷில்லிங். கடன் கேட்பவன் அவன், கொடுப்பவள் அவள். காதலியிடம் கை நீட்டினால் மானம் போய்விடும், அக்காவிடம் நீட்டினால் போகாது. இந்தக் கணக்கு நமக்கு விளங்காததா என்ன!

பிறகு அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அவன் கவிதைக்கு 50 டாலர் அனுப்புகிறது, 10 பவுண்டு. 5 பவுண்டு ஜூலியாவுக்கு என்று மனசார ஒதுக்குகிறான், தொடவே கூடாது என்று தனியாகவும் வைக்கிறான். அன்று ராத்திரி ரோஸ்மேரிக்கும் பணக்கார நண்பன் ராவெல்ஸ்டனுக்கும் விருந்து வைத்து, குடித்துக் கூத்தடித்து, விடிவது போலீஸ் லாக்கப்பில். ஜூலியாவின் 5 பவுண்டும் காலி. அந்த ராத்திரியை எழுதியிருக்கும் விதத்துக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் அந்த டீக்கடையில் நிற்கிறவளின் கால்வலிதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆர்வெல்லும் அதை நினைத்துத்தான் அந்த 5 பவுண்டைத் தனியாக வைக்கச் சொன்னார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியில் பதிவுத் திருமணம். ராவெல்ஸ்டன் ஒரு சாட்சி, காசு கொடுத்து வாசலிலிருந்து கூட்டிவந்த முன்பின் தெரியாத ஆள் இன்னொரு சாட்சி. ஜூலியா வரவில்லை. டீக்கடையில் லீவு கிடைக்கவில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார் ஆர்வெல். கார்டன் புது வீட்டுக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா வாங்குவதை மட்டும் விரிவாக எழுதுகிறார். வாங்கட்டும், சந்தோஷம்தான். முதல் மாதச் சம்பளத்தில் அக்காவின் 5 பவுண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.