விசிறி வயரைப் பிடுங்குமுன்

உள்ளிருக்கும் விசிறியின் வயரைக் கழற்றிவிட்டால் 8 சேனல் ஆடியோ கன்வெர்ட்டரின் (ஒலியை டிஜிட்டலாக மாற்றும் ஸ்டுடியோ கருவி) இரைச்சல் நின்றுவிடும் என்கிறது ஒரு கட்டுரை. நிற்கும்தான், ஆனால் சூடு எங்கே போகும்? பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்தான் முதலில் அடி வாங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதி.

ஒரு யூனிட் (சுமார் 44 மி.மீ.) உயரப் பெட்டிக்குள் 40 மி.மீ. விசிறிதான் அடங்கும். சின்ன இறக்கை வேகமாகச் சுற்றினால்தான் போதிய காற்று வரும், அந்தக் கீச்சொலி அதனால்தான். மாற்றுவதென்றால் பழையதையும் அதன் லேபிளையும் பாருங்கள்: 5 வோல்ட்டா 12 வோல்ட்டா, தடிமன் 10 மி.மீ.யா 20 மி.மீ.யா, காற்று உள்ளே வருகிறதா வெளியே போகிறதா. மூன்றாவது வயர் இருந்தால் அது பெரும்பாலும் வேகத்தைச் சொல்வது. இரண்டு வயர் விசிறி போட்டால் சில கருவிகள் விசிறி நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும். சத்தம் குறைய, 12 வோல்ட் விசிறியை 7 வோல்ட்டில் மெதுவாக ஓட்டும் வித்தையும் உண்டு. ஆனால் சில விசிறிகள் அதில் கிளம்பவே கிளம்பாது, சத்தம் இல்லாததால் நமக்கும் தெரியாது!

இதற்கெல்லாம் முன்னால், காசு செலவில்லாத வேலை: ராக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டத்தில்) கன்வெர்ட்டருக்கு மேலும் கீழும் ஒரு யூனிட் இடம் விடுங்கள், நன்றாகச் சூடாகும் டியூப் ப்ரீஆம்ப் (வால்வு வைத்த மைக் ஒலிபெருக்கக் கருவி) தலையில் அதை உட்கார வைக்காதீர்கள். தூசி தட்டும்போது ப்ளக்கை எடுத்துவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ் போடுங்கள்.