நடுவுல நிக்கிற பையன் என்ன சம்பளம் வாங்குறான்?

ஞாயித்துக்கிழமை மதுரை அண்ணா நகர் மண்டபத்துல ஒரு காலேஜ் நடத்துன எம்பிஏ கூட்டத்துல நான் ஒரு கேள்வி கேட்டேன், மைக்கை புடுங்கிட்டாங்க. மத்தத வீடியோவுலயே பாத்திருப்பீங்க, திரும்ப சொல்லல. மைக்கை புடுங்குனது கூட பரவால்ல. "கணக்குப்பிள்ளைக்கு பைனான்ஸ் எங்கிட்டு புரியும்"னு மேடையில இருந்தவரு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, கூட்டமும் கூடச் சேந்து சிரிச்சுச்சே, அதுல நமக்கு தெரிஞ்ச மூஞ்சிக நாலஞ்சு. இருக்கட்டும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. ஹையஸ்ட் பேக்கேஜ், அதான் வருஷச் சம்பளம், 18 லட்சம்னு பேனர் கட்டியிருக்கீங்க, சந்தோஷம். உங்க எம்பிஏ பைனான்ஸ் பேட்ச்சை சம்பளப்படி வரிசையா நிறுத்துனா நட்ட நடுவுல நிக்கிற பையன் மாசம் கையில என்ன வாங்குறான்? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்க. "நெகட்டிவ்வா யோசிக்காதீங்க சார்"ங்கிறது பதிலா?

ஆமா, கீழமாசி வீதியில பலசரக்கு மொத்தக் கடையில கணக்கு எழுதுறவன்தான். எங்க கடைக்கு பருப்பு மூட்டை வந்தா மேல இருக்குறத மட்டும் பாத்து யாரும் எடுக்க மாட்டோம், குத்தூசியப் போட்டு நடுவுல இருந்து எடுத்துப் பாப்போம். பத்து லட்சம் குடுத்து வாங்குற படிப்புக்கு அந்த மரியாதை கூட கிடையாதா?

கணக்கையே போட்டுருவோம். பத்து லட்சம் லோன், 11 பர்சன்ட் வட்டி. ரெண்டு வருஷம் படிப்பு, அப்புறம் ஒரு வருஷம், அதுவரைக்கும் எதுவும் கட்ட வேணாம்னு சொல்லுவாங்க. கட்ட வேணாம்னுதான் சொன்னாங்க, வட்டி ஓடாதுன்னு யாரும் சொல்லல. அஞ்சஞ்சு லட்சமா ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டுனா, தவணை ஆரம்பிக்கிறப்ப தனிவட்டி மட்டும் 2.75 லட்சம், அது அசலோட சேந்து 12.75 லட்சம் ஆயிரும். பத்து வருஷத்துல அடைச்சா மாசம் 17,500-க்கு மேல, மொத்தமா 21 லட்சம். இதுல கூத்து என்னன்னா, போட்ட காசு எத்தன வருஷத்துல திரும்பும்னு கணக்கு போட அதே எம்பிஏ-ல ஒரு பேப்பரே வச்சு சொல்லிக் குடுக்குறாங்க. அவங்க படிப்புக்கே அந்தக் கணக்க போடச் சொன்னா மைக் கட்.

அக்கா மகன் கதைய எழுதுனா அக்கா கோவிச்சுக்கும், பரவால்ல. மெட்ராஸ்ல ஒரு காலேஜ்ல இதே எம்பிஏ பைனான்ஸ், இதே பத்து லட்சம். இப்ப ஒரு பேங்க்ல ரிலேஷன்ஷிப் மேனேஜர். பேருதான் பெருசு, வேலை என்னன்னா ஊரெல்லாம் சுத்தி அக்கவுண்ட் ஓபன் பண்ண வைக்கிறது, இன்சூரன்ஸ் விக்கிறது. ஆஃபர் லெட்டர்ல 4.2 லட்சம்னு பாத்ததும் அக்கா தெருவுக்கே அல்வா குடுத்துச்சு. அந்த 4.2-ல அவன் பங்கு, கம்பெனி பங்குன்னு ரெண்டு பக்கத்து பிஎஃப்பும் சேத்தி, கிராஜுவிட்டி சேத்தி, டார்கெட் முடிச்சாத்தான் வர்ற வேரியபிளும் சேத்தி. கைக்கு வர்றது 26 ஆயிரத்துச் சொச்சம். இஎம்ஐ போக, பிஜி வாடகையும் சாப்பாடும் 7,500 போக, மிச்சத்துல பைக்குக்கு பெட்ரோல் போட்டு டார்கெட் முடிக்கணும். ஒருதடவ அக்கவுண்ட்ல 212 ரூவா கொறைஞ்சு இஎம்ஐ ரிட்டர்ன் ஆகி, அவன் பேங்க் ஒரு சார்ஜ், லோன் குடுத்த பேங்க் ஒரு சார்ஜ். லோன் ஏழரை லட்சத்துக்கு மேல போனதால அடமானமா வீட்டுப் பத்திரமும் பேங்க்லதான் இருக்கு. மச்சான்தான் கோ-அப்ளிகன்ட், அதாவது லோன்ல கூடக் கையெழுத்து போட்டவரு. அவரு பழைய லோடு ஆட்டோவ குடுத்துட்டு புதுசு எடுக்கலாம்னு போனா சிபில், அதான் கடன ஒழுங்கா கட்டுறாங்களான்னு காட்டுற மார்க்க, பாத்துட்டு ஃபைலையே மூடிட்டாங்க. பையன் படிச்ச படிப்புக்கு அப்பன் வண்டி நிக்குது.

"அப்ப ஏழைப் பிள்ளைக படிக்கவே வேணாமா?"ன்னு ஒரு அண்ணே கேட்டிருந்தாரு. அண்ணே, சு.வெங்கடேசன் எம்.பி. கல்விக் கடன் முகாம் நடத்துனப்ப பாராட்டி எழுதுனவன் நானு. லோனே தப்புன்னு எங்க சொன்னேன்? நடுவுல நிக்கிறவன் சம்பளத்த கேட்டுட்டு கையெழுத்து போடுங்கன்னேன். வசதியானவன் பிள்ளைக்கு நட்டம்னா நட்டத்தோட போச்சு, நம்ம பிள்ளைக்கு பத்திரம்ல போகுது.

"கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை இருக்கே"ன்னு ஒரு மேதை. புது வருமான வரி முறையில வருஷ வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது, 26 ஆயிரம் வாங்குறவனுக்கு எந்த வரியில சலுகை? மத்திய அரசோட பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன்ல 3 பர்சன்ட் வட்டி மானியம் நல்ல திட்டம்தான், ஆனா அரசு லிஸ்ட்ல இருக்குற காலேஜுக்குத்தான். ஐஐஎம்-க்கு போறவன நான் எதுவும் சொல்லல, அவன் நல்லா இருக்கட்டும். சம்பளம் போகப் போக ஏறும்னு சொல்றதுல நியாயம் இருக்கு, ஏறும்தான். ஆனா ஏறுற வரைக்கும் பேங்க்ல இருந்து மச்சானுக்கு வர்ற போன்காலை நீங்களா எடுப்பீங்க? டான்செட், அதான் தமிழ்நாட்டு எம்பிஏ நுழைவுத் தேர்வு, எழுதி கவர்மென்ட் சீட்டுக்கு முயற்சி பண்ணு, இல்ல ஆடிட்டர் ஆகுற சிஏ படிப்புல சேரு, கஷ்டம்தான், ஆனா ஆர்ட்டிகிள்ஷிப்னு ஆடிட்டர்கிட்ட பயிற்சி எடுக்குறப்ப கொஞ்சமாச்சும் ஸ்டைபண்ட் கைக்கு வரும்னு அக்கா மகன்கிட்ட அன்னைக்கே சொன்னேன். அப்பவும் இதே பேச்சு, "உனக்கு பொறாமை, நீ பி.காம்.தான"ன்னு. சொன்ன சொந்தக்காரங்க ஒருத்தரும் இன்னைக்கு இஎம்ஐ-க்கு ஆயிரம் ரூவா தரல. பையனுக்கு பொண்ணு கேட்டுப் போனா மட்டும், "கடன் எம்புட்டு இருக்கு"ன்னு அவங்கதான் மொதல்ல விசாரிக்கிறாங்க. இப்ப மட்டும் கணக்கு கேக்க தெரியுதுல்ல?

எந்தக் காலேஜ்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ஃபீஸ் விவரமும் பேங்க் சாங்ஷன் லெட்டரும் வச்சிருக்கவங்க போட்டோ எடுத்து அனுப்புங்க, மாசம் எம்புட்டு வரும்னு போட்டுத் தரேன், காசெல்லாம் வேணாம். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அனுப்புங்க.