கேட்டது பவளத்திட்டு, சொன்னது ரோஜா இதழ்

ஒரே ஒரு கேள்விதான். கரையிலிருந்து பவளத்திட்டின் விளிம்பு எத்தனை மீட்டர்? நீந்தியே போகலாமா, படகு ஏற வேண்டுமா? மாலத்தீவில் தனித்தீவு ஒன்றை வளைத்துப் போட்டிருக்கும் ரிசார்ட் அது. பக்கத்தைத் திறந்தாலே 'உலகத்தரமான ஸ்நார்கலிங்' என்று கொட்டை எழுத்து, அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது. அதனால்தான், இரண்டு பேர் வருகிறோம் என்று எழுதி, அவர்களையே கேட்டேன். இன்று காலை பதில் வந்திருக்கிறது. படிக்கப் படிக்க ரத்தம் கொதிக்கிறது.

முதல் வரி: 'தம்பதியருக்கு எங்கள் தீவு ஒரு சொர்க்கம்.' யார் கேட்டார்கள்?

இரண்டாவது வரி: படுக்கையில் ரோஜா இதழ் தூவித் தருவார்களாம், மணலில் மெழுகுவர்த்தி ஏற்றி இரவு உணவு போடுவார்களாம். கேள்வியில் மீட்டர் என்ற சொல் இருந்தது. எந்த மொழியில் படித்தாலும் மீட்டர் மீட்டர்தான். இரண்டு பேர் சேர்ந்து வருகிறார்கள் என்றால் அவர்களுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் போதும், கடலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை என்று எவன் முடிவு செய்தான்?

மூன்றாவது வரிதான் உச்சம்: 'எங்கள் லகூன் கண்ணாடி போன்ற நீலப்பச்சை நீர், ஸ்நார்கலிங்குக்கு ஏற்றது.' ஐயா, லகூன் என்றால் கரைக்கும் பவளத்திட்டின் விளிம்புக்கும் நடுவே கிடக்கும் ஆழமில்லாத நீர். அது அந்த வெளிர் நீலப்பச்சையில் மின்னுவதே அடியில் வெள்ளை மணல் இருப்பதால்தான். ஆழம் குறைவு, அடியில் மணல், மேலே வெயில். அதனால் அந்த நிறம். மணலில் பவளம் வளராது. அது பிடித்துக்கொள்ளக் கெட்டியான பாறைத்தளம் வேண்டும். அந்த அழகான நீலப்பச்சை எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரத்துக்குப் பவளமும் இல்லை, அதை ஒட்டி வாழும் மீன் கூட்டமும் இல்லை என்று பொருள். எதைப் பார்த்ததும் இங்கே ஸ்நார்கலிங் சரிப்படாது என்று முடிவு கட்ட வேண்டுமோ, அதையே பெருமையாக எடுத்து நீட்டுகிறார்கள்!

நான்காவது வரி: வாட்டர் வில்லாவின் படியில் இறங்கினால் நேரே கடலாம். நேரே கடல்தான், ஆனால் இடுப்பளவுத் தண்ணீரும் மணலும். வாட்டர் வில்லாக்களைப் பெரும்பாலும் அமைதியான, ஆழம் குறைந்த லகூனுக்குள்தான் தூண் நட்டுக் கட்டுவார்கள். விளிம்பை ஒட்டிக் கட்டியவையும் உண்டு, அவை அருமையான இடங்கள். ஆனால் அப்படி இருக்கும் ரிசார்ட் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடும். சொல்லவில்லை என்றால் இல்லை.

ஐந்தாவது வரி: 'ஸ்நார்கலிங் விரும்பிகளுக்குத் தினமும் படகுப் பயணம் உண்டு, கட்டணம் தனி.' இதுதானே பதில்? வீட்டு வாசலில் ரீஃப், அதாவது பவளத்திட்டு, இல்லை என்பதை இப்படியா நான்கு வரி சுற்றிச் சொல்வது? கரையிலிருந்தே நீந்திப் போகும் ஹவுஸ் ரீஃப் இருந்தால் காலை 7 மணிக்கு ஒரு முறை, மாலை 4 மணிக்கு ஒரு முறை, மனம் போனபோது இறங்கலாம். படகு என்றால் அவர்கள் சொன்ன நேரம், அவர்கள் கொண்டுபோகும் இடம், தண்ணீரில் முக்கால் மணி, கூட ஒரு கூட்டம், தலைக்கு ஒரு கட்டணம். இருவருக்கும் தினம் அதைக் கட்டினால் வார முடிவில் அறை வாடகையோடு போட்டி போடும்.

கடைசியில் ஒரு படம். கடற்சாமந்திக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் கோமாளி மீன், முகத்துக்கு நேரே எடுத்தது. அந்தப் படம் இந்தியப் பெருங்கடலில் எந்தத் தீவிலும் எடுத்திருக்கலாம், எந்த ஆண்டிலும் எடுத்திருக்கலாம். ஆண்டுதான் இங்கே முக்கியம். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி ஏறி, சில வாரம் அப்படியே நின்றாலே போதும். பவளம் தன் உடம்பில் குடியிருக்கும் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். வெளுப்புக்கு முந்திய படத்தை இன்றும் மாட்டி வைத்துக் காசு வாங்குவது ஏமாற்று, வேறு பெயரே இல்லை.

இவர்களைக் கேட்டுப் பயனில்லை. மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து தீவைப் பெரிதாக்குங்கள். கரையை ஒட்டிய வெளிர் நிறம் மணல். பழுப்பும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருப்பது பவளமோ கடற்புல்லோ. திடீரென்று கருநீலமாக மாறும் கோடு இருக்கிறதே, அதுதான் விளிம்பு. மீன் கூட்டமெல்லாம் அங்கேதான். மேப்பிலேயே தூரம் அளக்கும் வசதி இருக்கிறது, கரையிலிருந்து அந்தக் கோடுவரை இழுத்துப் பாருங்கள். 50 மீட்டருக்குள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் வைக்கலாம். 100 என்றால் இருவரும் நன்றாக நீந்துபவர்களாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது ஸ்நார்கலிங் ரிசார்ட்டே இல்லை. ஒரே தீவில் ஒரு பக்கம் 30 மீட்டரும் மறுபக்கம் 400 மீட்டரும் இருக்கலாம். அறை எந்தப் பக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விளிம்பு பக்கத்தில் இருக்கும் சாதாரண பீச் அறை, மணலில் நிற்கும் வாட்டர் வில்லாவைவிட ஆயிரம் மடங்கு மேல். விலையும் பெரும்பாலும் குறைவு.

தூரம் மட்டும் தெரிந்தால் போதாது, இறங்கும் வழி வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் திட்டின் மேல் முழங்காலளவுகூடத் தண்ணீர் இருக்காது. நீந்தினால் வயிறு கிழியும், நடந்தால் பவளம் நொறுங்கும், கடல்முள்ளெலி குத்தும். அதற்காகத்தான் நல்ல இடங்களில் திட்டுக்கு நடுவே வாய்க்கால் போன்ற திறப்பைக் கயிறு கட்டிக் காட்டியிருப்பார்கள், அல்லது ஜெட்டியின், அதாவது கடலுக்குள் நீளும் படகுத்துறையின், நுனியில் ஏணி வைத்திருப்பார்கள். எத்தனை திறப்பு, எங்கே என்று கேளுங்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பல ஹோட்டல்களில் நீண்ட ஜெட்டி ஒன்றே வழி. காற்று பலத்தால் கொடியை ஏற்றி அதை மூடிவிடுவார்கள், அன்று முழுக்க நீச்சல்குளம்தான் கதி. அதே செங்கடல் கரையில் மர்சா ஆலம் பக்கம் விரிகுடாவுக்குள் இருக்கும் இடங்களில் மணலில் நடந்தே இறங்கி இரு ஓரத்து ரீஃபுக்கும் போகலாம். ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் கரையில் அறை எடுத்துவிட்டு கிரேட் பேரியர் ரீஃபைத் தேடினால், வெளி ரீஃபுக்கு வேகப்படகிலேயே ஒன்றரை மணி நேரம். அந்த ரீஃபின் மேலேயே இருக்கும் ஹெரான் தீவிலோ லேடி எலியட் தீவிலோ தங்கினால் கரையிலிருந்தே இறங்கலாம். இதையெல்லாம் எந்த விளம்பரம் சொல்கிறது?

இருவரில் ஒருவர் நன்றாக நீந்துவார், மற்றவர் தடுமாறுவார். பெரும்பாலான ஜோடிகள் அப்படித்தான். அவர்களுக்கு வேண்டியது ஒரே இடத்தில் இரண்டும்: மாஸ்க் பழகக் கொஞ்சம் அமைதியான மணல் தரை, அதிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ரீஃப். நீரோட்டமும் தெரிய வேண்டும். தீவுகள் வளையமாக நிற்கும் இடத்தில், வெளிக்கடல் நீர் உள்ளே புகும் வாய்க்காலின் ஓரத்து ரீஃபில் ஓட்டம் வலுவாக இழுக்கும். முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்திவிட்டுத் திரும்பும்போது அதோடு வர வேண்டும். மாற்றிச் செய்தால் களைத்த உடம்போடு எதிர்நீச்சல். இந்தக் கேள்விகளை ரிசர்வேஷனுக்கு அனுப்பாதீர்கள். ஆழ்கடல் நீச்சலுக்கு ஆட்களை அழைத்துப்போகும் அங்கேயுள்ள டைவ் சென்டருக்கு நேராக எழுதுங்கள். தினமும் தண்ணீரில் இறங்குபவர்கள் அவர்கள், பெரும்பாலும் நான்கே வரியில் உண்மையைச் சொல்வார்கள்.

ரிவ்யூக்களையும் நம்பிவிடாதீர்கள். வாழ்க்கையில் முதல் தடவை மாஸ்க் போட்டவருக்கு கோடு போட்ட மீன் நான்கு தெரிந்தாலே ஐந்து நட்சத்திரம். 'விளிம்பு', 'நீரோட்டம்', 'வெளுப்பு', 'ஜெட்டி' என்று எழுதியிருப்பவர் யார் என்று தேடுங்கள், கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதியதாகப் பாருங்கள். 'கடலடியில் அசிங்கமான புல்' என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை ஆமை மேய்வது அந்தப் புல்லில்தான். படம் வெள்ளையாக வர வேண்டும் என்று அதைப் பிடுங்கி எறிந்த ரிசார்ட்டுகள் உண்டு. ஆமையின் படத்தை வரவேற்பறையில் மாட்டிவிட்டு அதன் சாப்பாட்டை வேரோடு பிடுங்குகிறார்கள்!

இலவச மாஸ்க் என்பதும் அப்படித்தான். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டபின்னும் ஒட்டி நின்றால்தான் அது உங்கள் அளவு. இரவல் பெட்டியில் கிடப்பவற்றில் பாதி ரப்பர் இறுகி ஒழுகும். கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பவர் கண்ணாடி மாஸ்க் அங்கே கிடைப்பது அரிது, சொந்தமாக வாங்கிப் போவதுதான் வழி.

இன்னொன்று, இதற்கும் ரீஃபுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாலத்தீவில் கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் தலைநகர் மாலேயில் இறங்கினால், கடல்விமானத்தை மட்டுமே நம்பியிருக்கும் தொலைதூரத் தீவுக்கு அன்று போக முடியாது. உங்கள் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைப் படிவத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட அதே ரிசார்ட், வாயே திறக்காமல் அந்த முதல் இரவுக்கும் முழு வாடகை பிடித்துக்கொள்கிறது. மாலேயில் வேறு அறைக்கு இன்னொரு வாடகை. ரோஜா இதழ் தூவுவதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியை எழுத என்னய்யா கேடு?