பௌர்ணமிக் கணக்கை வைத்து முடிவு கட்டலாமா?

"கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்து ஒளிப்பொறியில் (விளக்கு வைத்துப் பூச்சி பிடிக்கும் பெட்டியில்) இரண்டே அந்துப்பூச்சி, வன்னியில் அவை அழிந்துவிட்டன" என்று மேலே எழுதிய தம்பி, நீங்கள் போட்ட படத்திலேயே முழுநிலவு தெரிகிறதே! நிலவு வெளிச்சத்தில் விளக்கின் இழுப்புக் குறைந்துவிடும். பூச்சி இருந்தாலும் பொறிக்கு அவ்வளவாக வராது. சாதாரண வெள்ளை எல்ஈடி பல்பும் சரிவராது. புறஊதாக் கதிர் கலந்த விளக்குத்தான் நன்றாக இழுக்கும். ஐப்பசி மழை விட்ட, காற்றில்லாத, புழுக்கமான அமாவாசை இரவில் வைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் முட்டை அடுக்கும் அட்டை போட்டால் அதில் ஒதுங்கும். விடிந்ததும் படமெடுத்துச் செடி மறைவில் விடுங்கள். வெட்டவெளியில் விட்டால் கரிக்குருவிக்குக் கொண்டாட்டம். அப்புறம், பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு. அவற்றில் பல விளக்குப் பக்கமே வராது.